பள்ளித் தமிழிலிருந்து கல்லூரி ஆங்கிலத்திற்கு: கிறித்தவ உயர்நிலைப் பள்ளிகளின் மொழி ஆயத்தம்

1. பொருளும் எல்லையும்

தமிழகத்துக் கிறித்தவப் பள்ளிகள் பலவற்றில் ஒரே மதிற்சுவருக்குள் இரண்டு மொழிகளில் கல்வி நடைபெறுகிறது. அரசின் உதவித்தொகையில் இயங்கும் தமிழ்வழிப் பிரிவுகள் ஒருபுறம். கட்டணம் பெற்று நடத்தப்பெறும் ஆங்கிலவழிப் பிரிவுகள் மறுபுறம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இரு பிரிவினரும் ஒன்றாக நிற்கின்றனர். முதல் மணி அடித்ததும் பிரிகின்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் பலர் கல்லூரி ஒன்றின் ஒரே வகுப்பறையில் மீண்டும் சந்திக்கின்றனர். அங்கே பாடநூலும் வினாத்தாளும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் நல்ல மதிப்பெண் பெற்று வந்த மாணவர் முதற்பருவத் தேர்வில் தவறுவதும், அறிவியலை விட்டு வேறு பாடத்திற்கு மாறுவதும், சிலர் கல்லூரியை விட்டே விலகுவதும் கல்லூரி ஆசிரியர்கள் நன்கறிந்த செய்திகள். ‘அவர்களுக்கு ஆங்கிலம் வராது’ என்பதே இதற்குத் தரப்படும் வழக்கமான விளக்கம். அவ்விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து. மாணவர் கல்லூரியில் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டில் எப்பகுதி ஆங்கிலத்தைச் சார்ந்தது, எப்பகுதி தொடரமைப்பைச் சார்ந்தது, எப்பகுதி பள்ளித் தமிழிலேயே கற்பிக்கப்படாமல் விடப்பட்டது என்பதைப் பிரித்துக் காண இங்கு முயலப்படுகிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. 1978ஆம் ஆண்டு வரை தமிழகத்தில் உயர்நிலைப் பள்ளி என்பது பதினொன்றாம் வகுப்போடு முடிந்து மாணவரை நேரே கல்லூரி வாயிலில் கொண்டு நிறுத்தியது. இன்று அது பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதன்மேல் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி உள்ளது. எனினும் கல்லூரிக்கு வேண்டிய மொழிப்பழக்கம் உருவாவது ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்தான். மேல்நிலை ஆண்டுகள் பொதுத்தேர்வுக்கும் நுழைவுத்தேர்வுக்கும் உரியனவாகிவிட்டன. எனவே உயர்நிலை என்ற சொல் இங்கு அவ்வகுப்புகளை மையமாகக் கொண்டே ஆளப்படுகிறது.

2. முன்மாதிரிகள்

பள்ளியிலிருந்து கல்லூரிக்கு மாணவரை எம்மொழியில் ஆயத்தம் செய்வது என்ற வினா புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் மிஷன் பள்ளிகள் இதற்கு ஒன்றுக்கொன்று முரண்பட்ட விடைகளைத் தந்தன. 1830இல் கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தொடங்கிய பள்ளி உயர்கல்விக்கு ஆங்கிலத்தையே வாயிலாகக் கொண்டது. அதே ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியும் இவ்வழியில் சென்றது. வில்லியம் மில்லரின் காலத்தில் அதிலிருந்தே சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளர்ந்தது. மேல்வகுப்பாருக்கு ஆங்கிலத்தில் கற்பித்தால் அறிவு அவர்கள் வழியாகத் தாய்மொழிகளுக்குள் இறங்கும் என்பது இம்முறையின் எதிர்பார்ப்பு.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய செமினரி வேறொரு வழியைக் கையாண்டது. ஆங்கிலமும் தமிழும் அங்கு ஒருங்கே பயிற்றப்பட்டன. கணிதமும் வானியலும் தமிழிலக்கியமும் ஒரே மாணவருக்குக் கற்பிக்கப்பட்டன. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் இச்செமினரியில் பயின்றவர்கள் என்பது தற்செயலன்று என்றே தோன்றுகிறது. முன்னவர் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பின்னவர் இயற்கணிதத்தை வீசகணிதம் என்ற பெயரில் தமிழில் எழுதினார். ஒருவர் சுவடியிலிருந்து அச்சுக்கும், மற்றவர் ஆங்கிலக் கணிதத்திலிருந்து தமிழுக்கும் சென்றனர். இருவழிப் போக்குக்குப் பள்ளியிலேயே பழகியிருந்ததன் பயன் இது எனக் கொள்ளலாம்.

ஆயினும் அவர்கள் பட்டம் பெறுமுன்னரே செமினரி மூடப்பட்டுவிட்டது. 1855இல் ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த மிஷன் குழு, திருச்சபைப் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்று கருதியது. ஆங்கிலக் கல்வி மாணவரைச் சபையிலிருந்து அரசுப் பணிக்கு இழுத்துச் செல்கிறது என்பது அக்குழுவின் குறை. தாய்மொழிக் கல்வி என்னும் கருத்து இங்கு ஓர் உயர்கல்வி நிறுவனத்தை மூடுவதற்குப் பயன்பட்டது என்பதை மறத்தல் கூடாது. யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் 1872இல் திறக்கப்படும்வரை இவ்விடைவெளி நீடித்தது. இதற்கிடையில் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் கலைச்சொற்களையும் தமிழில் ஆக்கினார். தாய்மொழியில் எதைக் கற்பிக்க முடியும் என்பதற்கு மூடிய செமினரியும் கிறீனின் மருத்துவ வகுப்பும் ஒரே காலத்தில், ஒரே தீவகத்தில், எதிரெதிர்ச் சான்றுகளாக நின்றன.

இந்தியாவின் வடகிழக்கில் நிலைமை வேறு. காசி மொழிக்கு 1841இல் தாமஸ் ஜோன்ஸ் உரோமன் எழுத்தை அமைத்தார். மிசோ மொழிக்கு 1894இல் வந்த லொரெய்னும் சாவிட்ஜும் அவ்வாறே செய்தனர். அங்கு எழுத்துமொழியே மிஷன் பள்ளியோடு பிறந்தது. தாய்மொழியும் ஆங்கிலமும் ஒரே எழுத்தில் அமைந்ததால் மாணவர் கல்லூரிக்குச் செல்லும்போது வரிவடிவத்தை மாற்ற வேண்டியதில்லை. தமிழ் மாணவருக்கோ வரிவடிவம், சொல், தொடரமைப்பு மூன்றும் ஒருசேர மாறுகின்றன. இரண்டாயிரமாண்டு எழுத்து மரபு உடைய மொழியில் கற்பதன் விலைகளுள் இதுவும் ஒன்று.

3. பாலமாக இருந்த ஓராண்டு

1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே பயிற்றுமொழியாயிற்று. கல்லூரி ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான மொழிப்பிளவு அன்று தொடங்கியதே. 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டு, பின் பிற கல்லூரிகளுக்கும் கலைப்பாடங்களில் பரவியது. அறிவியலில் அது அந்த அளவுக்கு வேரூன்றவில்லை.

பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை முடித்த மாணவர், பட்டப்படிப்புக்குமுன் கல்லூரியிலேயே ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்றார். அவ்வகுப்பின் பாடப்பொருளில் ஒரு பெரும்பகுதி, மாணவர் பள்ளியில் தமிழில் ஏற்கெனவே கற்றதுதான். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் மீண்டும் கற்பிக்கப்பட்டது. தெரிந்த பொருளைத் தெரியாத மொழியில் கேட்பது என்பது மொழி கற்பதற்கு மிக உகந்த சூழல். யாரும் அதனை அந்நோக்கத்துடன் வகுக்கவில்லை. எனினும் அது அவ்வாறு செயற்பட்டது. 1978இல் புகுமுக வகுப்பு நீக்கப்பட்டு மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது. அதனால் தமிழ்வழி மாணவர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழிலேயே பயில வழி பிறந்தது, இது நன்று. ஆனால் மொழி மாறும் இடம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவ்விடத்தில் பழைய பொருளை மீளக் கேட்கும் வாய்ப்பும் இல்லாது போயிற்று. இன்று பட்டப்படிப்பின் முதல் வகுப்பில் மாணவர் புதிய பொருளையும் புதிய மொழியையும் ஒரே நேரத்தில் சந்திக்கிறார். சில கல்லூரிகள் தொடக்கத்தில் நடத்தும் இணைப்புப் பயிற்சி வகுப்பு, இழந்த ஓராண்டைச் சில வாரங்களில் ஈடுசெய்ய முயலும் ஏற்பாடே ஆகும்.

4. தொடர் திரும்பும் திசை

தமிழ்வழி மாணவருக்கு ஆங்கில விரிவுரையில் நேரும் முதல் இழப்பு சொற்பொருள் அறியாமையால் மட்டும் வருவதன்று. இயற்பியலில் ஒரு வரையறையைக் கொள்வோம். பள்ளிப் பாடம் ‘திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம் எனப்படும்’ என்று கூறும். கல்லூரி ஆசிரியர் ‘ஆக்சலரேஷன் இஸ் த ரேட் ஆஃப் சேஞ்ச் ஆஃப் வெலாசிட்டி’ என்கிறார். தமிழ்த் தொடரின் உறுப்புகளைத் திசைவேகம், மாற்றம், வீதம், முடுக்கம் என வரிசைப்படுத்தினால், ஆங்கிலத் தொடர் அதே நான்கு உறுப்புகளை முடுக்கம், வீதம், மாற்றம், திசைவேகம் எனக் கண்ணாடியில் தோன்றும் பிம்பம்போல் தலைகீழாக அடுக்குகிறது. தமிழ் பெயரடைத் தொடர்களை இடப்புறம் அடுக்கித் தலைமைச் சொல்லை இறுதியில் வைக்கும் மொழி. ஆங்கிலம் தலைமைச் சொல்லை முன்வைத்து அடைகளை வலப்புறம் நீட்டும் மொழி. இது மொழியியலார்க்குப் பழைய செய்தி. வகுப்பறையில் இதன் விளைவு என்ன என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழில் வரையறை கேட்டுப் பழகிய மாணவர் ‘எனப்படும்’ என்ற முடிபுக்குக் காத்திருக்கிறார். அம்முடிபுக்கு முன் வரும் சொல்லே அவர் குறித்துக்கொள்ள வேண்டிய கலைச்சொல். ஆங்கில விரிவுரையில் கலைச்சொல் தொடரின் முதலிலேயே கூறப்பட்டு மறைந்துவிடுகிறது. தொடர் முடியும்போது அவர் கையில் எஞ்சுவது விளக்கத்தின் கடைசிச் சொல். இவ்வாறு எழுதப்பட்ட குறிப்பேடுகளில் வரையறைகள் தலைச்சொல் இன்றி இருப்பதைக் காணலாம். அத்தகைய குறிப்பைத் திருத்தும் ஆசிரியர் மாணவருக்கு வெலாசிட்டி என்ற சொல்லும் தெரியவில்லை என்று முடிவு செய்கிறார். மாணவரோ அச்சொல்லைச் சரியாகவே கேட்டு எழுதியிருக்கிறார்.

காரண காரியத் தொடர்களிலும் இதுவே நிகழ்கிறது. ‘வெப்பநிலை உயர்வதால் வாயு விரிவடைகிறது’ என்று காரணம் முன்னும் காரியம் பின்னும் வருவது தமிழின் இயல்பு. ஆங்கிலம் இரு வரிசைகளையும் ஏற்கும். விரிவுரைப் பேச்சில் காரியத்தை முதலில் கூறி, பிகாஸ் எனத் தொடர்ந்து காரணத்தைக் கூறும் வரிசை மிகுதி. எதிர்மறையும் அவ்வாறே. தமிழில் இல்லை, அன்று என்பன தொடரின் இறுதியில் நின்று முழுவதையும் மறுக்கின்றன. ஆங்கிலத்தில் நாட் என்னும் சிறுசொல் வினைக்கு முன்பே ஒலித்து, பெரும்பாலும் அழுத்தமின்றிக் கடந்துபோகிறது. அதனைத் தவறவிடும் மாணவர் ஆசிரியர் மறுத்த கருத்தை ஆசிரியரின் கருத்தாகவே எழுதிவைக்கிறார்.

இவ்விடத்தில் கிறித்தவப் பள்ளிகளுக்கே உரிய ஒரு வளம் கவனிக்கப்படாமல் உள்ளது. தமிழ் விவிலியத்தின் நடையில், குறிப்பாக 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலின் நிருபங்களில், முடிவை முதலில் கூறி ‘ஏனெனில்’, ‘எப்படியெனில்’ என்ற இணைப்புகளுடன் காரணத்தைப் பின்னர் விரிக்கும் வரிசை மிகுதி. மூலமொழியின் வாத வரிசையைக் காக்கும் முயற்சியில் மொழிபெயர்ப்பாளர் தமிழில் நிலைப்படுத்திய அமைப்பு இது. நடையழகு பற்றித் தமிழறிஞர் பலர் இதனைக் குறை கூறியதுண்டு. ஆயினும் வாரந்தோறும் ஆலயத்திலும் நாள்தோறும் பள்ளிக் கூட்டத்திலும் இவ்வாசிப்பைக் கேட்ட மாணவர், எச்சமயத்தவராயினும், காரியம் முந்திக் காரணம் பிந்தும் தமிழைச் செவியால் அறிந்தவர். ஆங்கில விரிவுரையின் வரிசைக்கு இதிலிருந்து ஒரு படி அமைக்கலாம். இடையில் நிறுத்தாது தொடரும் முறையான பேச்சை இருபது மணித்துளி கேட்டிருக்கும் பழக்கமும் அங்கிருந்து கிடைக்கிறது. அப்பழக்கம் மனப்பாட வசனத்தோடு நின்றுவிடுவதுதான் குறை: கேட்டதைச் சுருக்கி எழுதுமாறு எவரும் கேட்பதில்லை.

5. கலைச்சொற்களைப் பின்னோக்கிப் படித்தல்

கலைச்சொல் மாற்றத்தைப் பள்ளிகள் பொதுவாக ஒரு மனப்பாடப் பட்டியலாகவே நடத்துகின்றன. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். மொழிபெயர்ப்பாளர் நோக்கில் பார்த்தால் இச்சொற்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. அவை உருவான வழிகள் வேறு வேறு. வழியை அறிந்தால் கற்பிக்கும் முறையும் வேறாகும்.

முதலில் சொல்லத்தக்கவை வார்ப்புச் சொற்கள். ஒளிச்சேர்க்கை என்பது போட்டோ, சிந்தஸிஸ் என்ற இரண்டு கிரேக்க உறுப்புகளின் நேர் வார்ப்பு. வெப்பமானி தெர்மோமீட்டரின் வார்ப்பு. நுண்ணோக்கி மைக்ராஸ்கோப்பின் வார்ப்பு. தொலைநோக்கி டெலஸ்கோப்பின் வார்ப்பு. மின்னாற்பகுப்பு எலக்ட்ராலிசிஸின் வார்ப்பு. நீராற்பகுப்பு ஹைட்ராலிசிஸின் வார்ப்பு. ஆங்கில மாணவருக்கே கிரேக்கம் தெரியாது. அவருக்கு அச்சொற்கள் பிரிக்க முடியாத கட்டிகள். தமிழ்வழி மாணவரிடம் அக்கட்டிகளை உடைக்கும் கருவி ஏற்கெனவே உள்ளது. மொழிபெயர்ப்பாளர் முன்னோக்கிச் செய்த வேலையை ஆசிரியர் வகுப்பில் பின்னோக்கிச் செய்துகாட்டினால் போதும்: நுண் என்பது மைக்ரோ, தொலை என்பது டெலி, நோக்கி என்பது ஸ்கோப், பகுப்பு என்பது லிசிஸ். இவ்வாறு பத்துப் பதினைந்து வேர்களைப் பெற்ற மாணவர், பாடநூலில் காணாத சொற்களையும் ஓரளவு ஊகித்துணர முடியும். ஹைட்ரோவும் எலக்ட்ரோவும் தெரிந்தவருக்கு வேறு லிசிஸ்கள் அச்சமூட்டுவதில்லை. தமிழ்வழிக் கல்வியின் குறையாகக் கருதப்படுவது இவ்விடத்தில் ஒரு முன்னுரிமையாகிறது என்பது என் துணிபு.

அடுத்தவை விளக்கப் பெயர்கள். திசைவேகம், வினையூக்கி போன்றவை மூலச்சொல்லின் உறுப்புகளைப் பின்பற்றாது, கருத்தை விளக்கி அமைந்தவை. கேட்டலிஸ்ட் என்ற சொல்லில் வினையும் இல்லை, ஊக்கியும் இல்லை. இங்குப் பின்னோக்கிப் படித்தல் பயன்தராது. ஆங்கிலச் சொல்லைத் தனியே கற்கத்தான் வேண்டும். ஆனால் வரையறையைத் தனியே கற்க வேண்டியதில்லை. அது தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. திசைவேகம் என்ற சொல்லை அறிந்தவர் வெலாசிட்டிக்கும் ஸ்பீடுக்கும் உள்ள வேறுபாட்டை மறக்க இயலாது.

மிகுந்த கவனம் வேண்டுபவை பொருள் மாற்றிக்கொண்ட பழஞ்சொற்கள். விசை, ஆற்றல், திறன் என்னும் மூன்றும் அன்றாட வழக்கில் ஏறத்தாழ ஒரு பொருளன. இயற்பியலில் மூன்று வெவ்வேறு அளவைகள். நிறை, எடை என்பவையும் அவ்வாறே. தமிழகப் பாடநூலில் நிறை என்பது பொருளில் அடங்கிய அளவு. எடை என்பது அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்புவிசை. இலங்கைப் பாடநூலில் முன்னது திணிவு, பின்னது நிறை. ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு இப்பால் ஓர் அளவையையும் அப்பால் மற்றோர் அளவையையும் குறிக்கிறது. இலங்கை நூலைத் துணைக்கொண்டு பயிலும் தமிழக மாணவர், அல்லது அகதிக் குடும்பத்திலிருந்து தமிழகப் பள்ளிக்கு வந்த மாணவர், இங்குத் தவறுவாராயின் அது இயற்பியல் அறியாமையாகாது. ஆங்கிலத்திலும் ஃபோர்ஸ், எனர்ஜி, பவர் என்பன பேச்சு வழக்கில் மயங்குவன என்பதைச் சுட்டிக்காட்டுதல் நலம். இச்சிக்கல் தமிழின் வறுமை என்று மாணவர் எண்ணிவிடக்கூடாது.

எஞ்சியவை கடன்சொற்கள். புரோட்டான், குளோரின் போன்றவற்றில் மாணவர் கற்கவேண்டியது எழுத்துக்கூட்டு மட்டுமே. இங்கும் தலைமுறை வேறுபாடு உண்டு. பாட்டனார் பிராணவாயு என்று படித்தார். தந்தை உயிர்வளி என்று படித்தார். மகன் ஆக்சிஜன் என்று படிக்கிறான். வீட்டில் பெரியவர் உதவ முன்வரும்போது மூன்று கலைச்சொல் கொள்கைகள் ஒரே மேசையில் மோதிக்கொள்கின்றன.

இவ்வகைப்பாட்டைப் பள்ளியில் யார் கற்பிப்பது? தமிழாசிரியர் செய்யுளையும் இலக்கணத்தையும் கற்பிக்கிறார். அறிவியல் பாடநூலின் தமிழை அவர் தொடுவதில்லை. அறிவியலாசிரியர் அந்நூலின் கருத்தைக் கற்பிக்கிறார். அதன் மொழியை அவர் தொடுவதில்லை. ஒருவினைத்தொகையையும் வேற்றுமைத்தொகையையும் பிரித்தறியப் பழகிய மாணவர் அதே அறிவைக் கொண்டு ஒளிச்சேர்க்கையைப் பிரித்துப் பார்த்ததில்லை. இலக்கண வகுப்பின் தொகைநிலைத் தொடர்ப் பாடத்தில் அறிவியற் சொற்களை எடுத்துக்காட்டாகத் தருவதற்குத் தனிப் பாடவேளையோ தனி நிதியோ தேவையில்லை.

6. வினாச் சொற்கள்

பள்ளி வினாத்தாளில் மிகுதியாக வரும் ஏவல்கள் எழுதுக, தருக, விளக்குக, வேறுபடுத்துக என்பன. இவற்றுள் பலவற்றிற்கு விடை பாடநூலின் ஒரு பத்தி. கல்லூரி வினாத்தாள் கமெண்ட், ஜஸ்டிஃபை, கிரிட்டிக்கலி எக்ஸாமின் என்கிறது. இவற்றின் அகராதிப் பொருளைச் சொல்லிக்கொடுப்பதால் பயன் சிறிது. ஒரு கூற்றின் இருபுறமும் நின்று எழுதும் பழக்கம் தமிழிலேயே இல்லாதபோது, எக்ஸாமின் என்ற சொல்லுக்கு ஆராய்க என்று பொருள் எழுதிவைத்து ஆவதொன்றுமில்லை. கூடும், எனலாம், பெரும்பாலும் என வரையறுத்து எழுதும் நடையைப் பத்தாம் வகுப்பின் தமிழ்க் கட்டுரையில் பழக்கினால், அது ஆங்கிலத்திற்கும் உடன்செல்லும். ஜிம் கம்மின்ஸ் 1979இல் அன்றாட உரையாடல் திறனையும் கல்விசார் மொழித்திறனையும் வேறுபடுத்தியதும், பின்னது ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரக்கூடியது எனக் கூறியதும் இத்துறையில் பலரும் அறிந்தவை. அவர் முன்வைத்த சான்றுகள் கனடாவின் குடியேறியோர் பள்ளிகளைச் சார்ந்தவை. நம் இரட்டை வழக்குச் சூழலுக்கு அப்படியே பொருந்துமெனக் கொள்ள இயலாது. பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஒரு முறையும், அதிலிருந்து ஆங்கிலத்திற்கு மறுமுறையும் என நம் மாணவர் இருமுறை கடக்கிறார். ஆயினும் அவ்வேறுபாடு, விடுமுறைக்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஏன் கல்லூரி வகுப்பறையில் உதவுவதில்லை என்பதை நன்கு விளக்குகிறது. அவ்வகுப்பு வணக்கம் சொல்லவும் வழி கேட்கவும் கற்பிக்கிறது. கல்லூரி நாற்பது பக்கம் படித்து வரச்சொல்கிறது.

7. பெற்றோரின் தேர்வு

இதுவரை கூறியவற்றைத் தமிழ்வழிக்கான வாதமாக மட்டும் கொள்வோர் உண்டு. ஆங்கிலவழிப் பிரிவின் விண்ணப்பத்திற்கு வரிசையில் நிற்கும் பெற்றோரை மயக்கத்திற்கு ஆளானவர் என்று கூறுவது எளிது, நேர்மையன்று. பொதுப்பள்ளிகளின் வாயில் தம் முன்னோர்க்கு மூடியிருந்த காலத்தில் மிஷன் பள்ளியே எழுத்தறிவும் அதன்வழி வேலையும் தந்தது என்பதைத் தாழ்த்தப்பட்ட மக்களின் குடும்பங்கள் நினைவில் வைத்துள்ளன. அவ்வழியில் ஆங்கிலம் அவர்களுக்குப் பாட்டனாரின் சொத்தாக வரவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. 1855இல் வட்டுக்கோட்டையில் நிகழ்ந்ததை மீண்டும் நிகழ்த்தும் எந்தத் தாய்மொழிக் கொள்கையும் அவர்களால் ஏற்கப்படாது, ஏற்கப்படவும் தேவையில்லை.

மறுபுறம், தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழிக்கு ஒரு நடைமுறை மதிப்பைத் தந்துள்ளது. ஆனால் மருத்துவச் சேர்க்கையில் 2020இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்க்கே உரியது. உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர், அதே வறுமையும் அதே பாடநூலும் உடையவராயினும், அதில் அடங்கார். கிறித்தவப் பள்ளிகளின் தமிழ்வழிப் பிரிவுகள் மெலிவதற்கான காரணங்களுள் இதனையும் சேர்த்தெண்ண வேண்டும்.

8. எம்மொழி முடிவானது

நுழைவுத்தேர்வுகள் இன்று தமிழிலும் எழுதத்தக்கவை. மருத்துவ நுழைவுத்தேர்வான நீட் தமிழிலும் நடத்தப்படுகிறது. 2022இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வும் 13 மொழிகளுள் ஒன்றாகத் தமிழில் அமைகிறது. மொழிபெயர்ப்பாளரின் தவறு மாணவரின் எதிர்காலத்தைத் தொடும் இடம் இது. 2018ஆம் ஆண்டு நீட் தேர்வில் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழையானது என வழக்குத் தொடுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை முதலில் நிறுத்திவைத்துப் பின்னர் நீக்கியது. ஐயம் எழுமிடத்து ஆங்கில வடிவமே முடிவானது என்பது தேர்வின் விதி.

இவ்விதியின் மொழியியற் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழ் வினா தன்னளவில் ஒரு பனுவலாக ஏற்கப்படவில்லை. ஆங்கிலத்தின் நிழலாகவே ஏற்கப்படுகிறது. தமிழில் தேர்வெழுதும் மாணவர் ஐயம் எழும்போது பக்கத்தில் அச்சாகியுள்ள ஆங்கில வினாவையும் படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, எது பிழை என்று தேர்வறையிலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அது மொழிபெயர்ப்பு மீளாய்வாளரின் வேலை. பதினேழு வயதில், ஒரு வினாவுக்கு ஒரு மணித்துளி என்ற அளவில், அதனைச் செய்யுமாறு அவர் பணிக்கப்படுகிறார். அவ்வேலைக்கு வேண்டிய பயிற்சி முற்கூறிய பின்னோக்கு வாசிப்பே: தமிழ்ச் சொல்லிலிருந்து மூலச்சொல்லையும், தமிழ்த் தொடரிலிருந்து மூலத் தொடரையும் ஊகித்தறிதல். பள்ளிகள் இதற்கெனப் புதிய நூல் தேடவேண்டியதில்லை. மாநிலப் பாடநூல்கள் இரு மொழிகளிலும் வெளிவருகின்றன. ஒரே வளாகத்தின் இரு பிரிவுகளிலும் ஒரே பாடத்தின் இரு வடிவங்கள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை இரு பிரிவினரையும் சேர்த்து அமர்த்தி, ஒரே பக்கத்தின் இரு வடிவங்களையும் வரிக்கு வரி ஒப்பிடச் செய்யலாம். ஆங்கிலவழி மாணவருக்குச் சொல்லின் பொருள் தமிழிலிருந்து விளங்கும். தமிழ்வழி மாணவருக்குத் தொடரின் திசை ஆங்கிலத்திலிருந்து விளங்கும். பாடநூலின் தமிழாக்கத்தில் உள்ள பிழைகளும் அப்போது வெளிப்படும். அவற்றை மாணவர் குறித்துத் தருவாராயின் அடுத்த பதிப்பைத் திருத்துவோர்க்கு அக்குறிப்புகள் பயன்படும்.